நாற்பத்தாறாம் வீட்டின் சாட்சிகள்

1928 அக்டோபர் 17. வளைவுக் கற்கள் 11. வண்டியில் ஏற்றியது.
1953 ஜனவரி 14. 46ஆம் வீடு. விரிசல் 1. நீளம் 62 செ.மீ., அகலம் அரை மி.மீ. ஜிப்சம் 200 கிராம்.
1953 அக்டோபர் 29. அதே விரிசல். அகலம் 1 மி.மீ. சாட்சி உடைந்தது. ஜிப்சம் மூட்டை 1, விலை பெசேட்டா 9.
1959 பிப்ரவரி 17. 46, 47ஆம் வீடுகள். இரும்புச் சட்டம் 1.
1961 செப்டம்பர் 10 முதல் 13 வரை. விடுப்பு. ரயில், பஸ் சேர்த்துப் பெசேட்டா 312.
1971 நவம்பர் 19. 46ஆம் வீடு. சாட்சிகள் 14. உடைந்தவை இல்லை.

எவாரிஸ்தோ மொம்பெல் எழுதிவைத்த நாற்பத்துநான்கு நோட்டுகளில் உள்ள ஆறு வரிகள் இவை. வருஷத்துக்கு ஒரு நோட்டு. இந்த ஆறில் ஒரு வரி பொய். நாற்பத்துநான்கு நோட்டிலும் அந்த ஒன்றைத் தவிர வேறு பொய் கிடையாது.

எவாரிஸ்தோ கொத்தனார். துறைமுகத்துக்குப் பின்னால் குன்றின்மேல் இருக்கும் காட்சி ஊரைப் பராமரிப்பது அவர் வேலை. நாட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு வீடு, ஒரு மாடிப்படி, ஒரு கோயில் கோபுரம் என்று அளந்துவந்து, அச்செடுத்து, அதே மாதிரி கட்டிய ஊர் அது. மொத்தம் நூற்றைந்து கட்டடங்கள். தெற்கத்தி வெள்ளைச் சந்தில் நடந்து திரும்பினால் வடக்கத்தி மரத்தூண் முற்றத்தில் போய் நிற்கலாம். 1929 கண்காட்சிக்காக ஆறு மாதத்துக்கு மட்டும் என்று கட்டினார்கள். பிறகு இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அல்லது யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பாதி வீடுகளுக்கு முகம் மட்டும்தான் உண்டு. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் இரும்புச் சட்டமும் ஏணியும் சுண்ணாம்பு மூட்டையும் இருக்கும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கட்டியபோது வேலைக்கு வந்தவர்களில் கடைசிவரை அங்கேயே இருந்தவர் எவாரிஸ்தோ ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நுழைவாயில் கோபுரத்துக்குள் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். விரிசல் விட்டால் அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சத்தை அப்பி, ஈரம் காயுமுன் ஆணியால் தேதி எழுதிவைப்பார். சுவர் அசைந்தால் ஜிப்சம் உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். அந்த வட்டாரக் கொத்தனார்கள் அதைச் சாட்சி என்பார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குச் சாட்சிகளைப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதுவது அவர் வழக்கம். உள்நாட்டுப் போர் நடந்த மூன்று வருஷத்திலும் அது நிற்கவில்லை.

1953 மே 5, செவ்வாய்க்கிழமை. எவாரிஸ்தோ 45ஆம் வீட்டு முகப்பில் ஏணிமேல் நின்று சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். கறுப்பு உடையும் கறுப்புத் தலைத்துணியுமாக ஒரு பெண்மணி 46ஆம் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கண்ணில் மருத்துவர் கட்டிவிட்ட துணி. கால் மணி நேரமாகியும் அவள் நகரவில்லை.

"மேஸ்திரி, இந்த வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. இங்க எந்த வீட்டுலயும் யாரும் இல்ல. சும்மா பார்க்கறதுக்குக் கட்டினது."

"நான் இருக்கேனே" என்றாள் அவள்.

கண் தெரியாமல் உளறுகிறாள் என்று நினைத்து எவாரிஸ்தோ இறங்கி வந்தார். அதற்குள் அவள் இடுப்புத் துணியில் முடிந்திருந்த சாவியை எடுத்துவிட்டாள். சாண் நீள இரும்புச் சாவி. 46ஆம் வீட்டுக் கதவுக்குச் சாவியே கிடையாது. இருபத்துநான்கு வருஷமாக அந்தக் கதவை யாரும் திறந்ததில்லை. உள்ளே போக வேண்டுமானால் பின்பக்கம் சுற்றித்தான் போவார்கள். அவள் சாவியை நுழைத்துத் திருப்பினாள். பூட்டு ஒரு சத்தம்கூடப் போடாமல் திறந்துகொண்டது.

"எங்க வீட்டுல கதவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும். நீங்கள்லாம் வந்து அளந்துட்டுப் போனீங்களே, அந்த வருஷத்துலேருந்தே மக்கர். இங்க பாரு, எண்ணெய் விட்ட மாதிரில்ல போகுது."

உள்ளே மூன்று ஏணிகளும் சுண்ணாம்பு மூட்டைகளும் இருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் இரும்புச் சட்டத்தின் வழியாக வானம் தெரிந்தது. அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. ஒற்றைக் கண்ணால் அங்குமிங்கும் தேடினாள்.

"அடுப்பு எங்க?"

"அடுப்பு கிடையாதும்மா. முகப்பு மட்டும்தான்."

"புகைக்கூண்டு இருக்கே."

"அது மேல வெச்சது. அடியில ஒண்ணும் இல்ல."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினாள். பின்வாங்கி நின்று வளைவைப் பார்த்தவளின் முகம் மாறியது. உச்சிக்கல்லுக்கு மேலே போன விரிசலையும் அதன் குறுக்கே இருந்த சாட்சியையும் காட்டினாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஜனவரி பதினாலு."

"புதன்கிழமை."

"ஆமா."

"காலைலயா?"

எவாரிஸ்தோ சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "ஒம்பது மணிக்குப் பார்த்தப்ப இல்ல. பதினொண்ணேகாலுக்கு இருந்தது."

"பதினொண்ணுக்கு வந்துச்சு" என்றாள் அவள். "பால் அடுப்புல இருந்துச்சு. டப்புன்னு ஒரு சத்தம். பால் பொங்கிருச்சோன்னு திரும்பினேன். பார்த்தா வாசல். இதே எடம். இதே மாதிரி இடது பக்கமா வளைஞ்சு."

அவள் பெயர் ஒரோசியா பெலெங்கெர். விதவை. கண் வைத்தியத்துக்காக நகரத்துக்கு வந்திருந்தாள். ஊர் அல்தாருபியா, உள்நாட்டு மலையில் நாற்பது புகைக்கூண்டு உள்ள ஊர். 46ஆம் வீடு அவள் வீட்டின் நகல். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எவாரிஸ்தோ நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"இருபத்தெட்டுல நான் அங்க வந்திருக்கேன்" என்றார். "அச்செடுக்க வந்த கூட்டத்துல நானும் ஒருத்தன்."

ஒரோசியா கண்ணை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "கையெல்லாம் காவியா இருக்குமே, மூணு தட்டு பீன்ஸ் தின்னுட்டு நாலாவதுக்கு நின்னானே, அந்தப் பயலா நீ?"

"மூணுதாம்மா" என்றார் எவாரிஸ்தோ.

அவர் நோட்டு எழுத ஆரம்பித்ததே அந்த ஊரில்தான். அப்போது வயது பதினெட்டு. ஒரோசியா வீட்டு வாசல் வளைவு மிகவும் பழையது. கல்லை அப்படியே வைத்து அச்செடுக்க முடியவில்லை. அதனால் முட்டுக் கொடுத்துவிட்டு, பதினோரு கல்லையும் பூட்டோடு கழற்றி முற்றத்தில் பரப்பி, அச்செடுத்து, உள்ளே கம்பி வைத்து, சிமென்டும் கல்தூளும் கலந்து பதினோரு அச்சுக்கற்கள் வார்த்தார்கள். பூட்டுக்கும் ஒரு நகல் செய்தார்கள். அசலுக்குக் காவியால் எண், நகலுக்குத் துணிக்குப் போடும் நீலத்தால் எண். எண் போடும் வேலை எவாரிஸ்தோவுடையது. அன்றிரவு மழை கொட்டியது. காலையில் முற்றத்தில் இருபத்திரண்டு கற்கள் கிடந்தன. ஒன்றில்கூட எண் இல்லை. காவியும் நீலமும் கலந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

அச்சு வேலையின் தலைவர் நல்ல கைகாரர். தன் நகல் எது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பெருமையோடு சிரித்தார்.

"எனக்கே தெரியலேன்னா வேற யாருக்குடா தெரியப்போகுது? இந்தப் பக்கம் கெடக்கறது அசல். போய் மாட்டு. அந்தப் பக்கத்தை வண்டியில ஏத்து."

எவாரிஸ்தோ ஏற்றினான். ஏற்றியதை ஒரு புது நோட்டில் எழுதிவைத்தான். முதல் வரி அதுதான்: வளைவுக் கற்கள் 11. எந்தப் பதினொன்று என்று எழுத அவனுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு எதையும் எழுதாமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

ஒரோசியா போன பிறகு சுத்தியல் பிடியால் 46ஆம் வீட்டு வளைவைத் தட்டிப் பார்த்தார். பதினோரு கல்லும் மணி மாதிரி ஒலித்தன. அச்சுக்கல் ஒலிக்காது. அன்று மாலையே அவளுக்குக் கடிதம் எழுதினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'நீ சொன்னபடி தட்டினேன். ஓட்டைச் சட்டியைத் தட்டுவது போல் இருக்கிறது. ஆணியால் சுரண்டினால் உள்ளே கம்பி தெரிகிறது, துரு. ஆக இருபத்தைந்து வருஷமாக நான் உன் நகலில் குடியிருக்கிறேன். என் வீடு உன்னிடம் இருக்கிறது. கண் பரவாயில்லை.'

சாட்சி வைப்பது எப்படி என்று அவர் எழுதி அனுப்பினார். அவளும் வைத்தாள். அக்டோபர் 29, வியாழக்கிழமை பதினொரு மணி சுமாருக்கு 46ஆம் வீட்டின் சாட்சி அவர் கண் முன்னாலேயே உடைந்தது. நகத்தைக் கடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். நவம்பர் 4 அன்று வந்த கடிதத்தில் ஒரோசியா எழுதியிருந்தாள்: 'வியாழக்கிழமை. கோயில் மணி பதினொன்று அடித்து முடித்ததும். பாதாம் உடைத்துக்கொண்டிருந்தேன்.'

அதன் பிறகு எவாரிஸ்தோவின் கவனத்துக்கு வேறு சில விஷயங்களும் வந்தன. காலை எட்டு மணிக்கு, ஆட்கள் வருமுன், 46ஆம் வீட்டைச் சுற்றி ஓக் விறகுப் புகை வாசனை அடிக்கும். அடியில் எதுவும் இல்லாத அந்தப் புகைக்கூண்டில் கை வைத்துப் பார்த்தால் கதகதப்பாக இருக்கும். அவர் வெப்பமானி வாங்கி அளந்தார். பக்கத்து வீட்டுக் கூண்டைவிட நான்கு டிகிரி, சில நாள் ஐந்து. எழுதிக்கொண்டார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. இங்கே ஏதாவது ஆனால் அங்கே ஆகும். அங்கே, கம்பி துருப்பிடித்த பதினோரு கல்லுக்கு அடியில், ஒரு பெண் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். கற்களை மாற்றி வைத்துவிடலாமா என்று எவாரிஸ்தோ எழுதிக் கேட்டார். 'இரண்டு வளைவும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்க வேண்டும். நிற்குமா?' என்று பதில் வந்தது. நிற்கும் என்று எழுத அவர் கை ஓடவில்லை. உங்கள் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று எழுதினார். 'அவள் வீடு மூன்றாம் மாடி. கோழி வளர்க்க முடியாது. நீ உன் வேலையைப் பார், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.'

அவருடைய வேலை, 46ஆம் வீடு விழாமல் பார்த்துக்கொள்வது.

1959 பிப்ரவரி 16, திங்கட்கிழமை. காட்சி ஊரின் நிர்வாகி தால்மாவ் அவரை அழைத்தார். தால்மாவ் கெட்ட மனிதர் இல்லை. வெளிநாட்டுப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்க ஆரம்பித்த காலம். அவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும்.

"எவாரிஸ்தோ, நாற்பத்தாறை எடுத்துடலாம். ஈஸ்டருக்கு முன்னால. அங்க நாற்காலி போட்டா கடல் தெரியும். அந்த வீட்டை யாரு பார்க்கறா? விரிசல் வேற."

"பார்க்கறாங்க ஐயா."

"யாரு?"

எவாரிஸ்தோ கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை உதிர்த்தார்.

"ஒரு கொத்தனாருக்கு ஒரு வீட்டு மேல இவ்வளவு ஆசை கூடாதுய்யா. வியாழக்கிழமை ஆள் வருது. உன் நோட்டைப் பார்த்து, இடிச்சா பக்கத்துக்கு ஏதாவது சேதம் உண்டான்னு நாளைக்கு எழுதிக் குடு. உன் நோட்டுல இருந்தா எனக்கு வேற கணக்கு வேண்டாம்."

46க்கும் 47க்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி உண்டு. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம். எவாரிஸ்தோவுக்கு அது உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். கட்டியபோது போட்ட வரைபடங்கள் போரில் எரிந்துபோயின. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எப்போதும் எழுதும் அதே பேனாவால், அதே கையெழுத்தில், எழுதினார்: 46, 47ஆம் வீடுகள். இரும்புச் சட்டம் 1. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது.

47ஆம் வீட்டில்தான் மது அருந்தும் கடை இருந்தது. ஊரிலேயே அதிக வரும்படி அங்கேதான். தால்மாவ் வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நாற்காலிகளை வேறு இடத்தில் போட்டார்கள். அந்த வாரம் மூன்று நாள் நோட்டில் எதுவும் எழுதப்படவில்லை. தாள்கள் வெறுமையாக இருக்கின்றன.

டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தவள் ரெமெய். எவாரிஸ்தோவைவிட எட்டு வயது சின்னவள். வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அவர்களைத் தவிர.

1961இல் எவாரிஸ்தோ விடுப்புக் கேட்டபோது அவள் சிரித்தாள். "முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவை லீவு எடுக்கறீங்க. எங்க போறீங்க? பாரிஸா?"

"ஒரு வீட்டைப் பார்க்கணும்."

"இங்க நூத்தஞ்சு இருக்கே. பத்தலையா?"

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில் ஏறி, திங்கட்கிழமை மதியம் பஸ்ஸில் அல்தாருபியா போய்ச் சேர்ந்தார். தெரு முனையில் திரும்பியதும் வீடு தெரிந்தது. ஒவ்வொரு கல்லையும் அவர் அறிவார். ஓடு மாற்றிய இடம், சுண்ணாம்பு உதிர்ந்த இடம், உச்சிக்கல்லுக்கு மேலே இடது பக்கமாக வளைந்த விரிசல். அதன் குறுக்கே அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒரோசியா அப்பிய ஜிப்சம். அதில் கீறியிருந்த தேதியும் அவர் சாட்சியில் உள்ள அதே தேதி. கதவைத் தட்டியபோது, உள்ளே மூன்று ஏணிகள் இருக்கும் என்றே அவர் மனம் நினைத்தது.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசை, பாத்திரங்கள், ஒரு பூனை, மேலே போகும் படி. முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்த ஒரு முகத்துக்குப் பின்னால் ஓர் உடம்பு இருப்பதை அன்றுதான் பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வா மேஸ்திரி. பீன்ஸ் இருக்கு. இந்தத் தடவை நாலு தட்டு."

சாப்பிடும்போது ஒரோசியா சாதாரணமாகச் சொன்னாள்: "திங்கட்கிழமைதான் நிம்மதி. மத்த நாள்லாம் சத்தம்."

"என்ன சத்தம்?"

"ஆளுங்க. வாசல்ல நடக்கறது, சிரிக்கறது, பிள்ளைங்க கத்தறது. வேற வேற பாஷைல பேசறாங்க. கதவைத் திறந்தா ஒருத்தரும் இருக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ரொம்ப அதிகம். பழகிருச்சு. இப்பல்லாம் கதவைத் திறக்கறதே இல்ல."

எவாரிஸ்தோ கரண்டியைக் கீழே வைத்தார். இதை அவள் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

"ஏன் எழுதல?"

"எழுதினா நீ அதை நோட்டுல எழுதுவே. அப்புறம் அது நிஜமாயிடும்."

அன்றிரவு மாட்டுக் கொட்டகைக்கு மேலே இருந்த அறையில் படுத்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரோசியா கோழிக்குத் தீனி போடக் கொல்லைக்குப் போயிருந்தாள். வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் நிறையச் சின்னக் காலடிகள் கேட்டன. பிறகு தெளிவாக, இரண்டடி தூரத்தில், ஒரு குரல்:

"சுவரைத் தொடாதீங்க கண்ணுகளா. தொட்டா மேஸ்திரி வந்து காதைத் திருகுவாரு."

ரெமெயின் குரல்.

எவாரிஸ்தோ எழுந்து போய்க் கதவைத் தூக்கிப் பிடித்துத் திறந்தார். தெரு வெறுமையாக இருந்தது. வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரோரம் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினேழு. கதவைச் சாத்தினார்.

அவர் கிளம்பும்போது ஒரோசியா அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினாள். சாவுச் சேதி அனுப்பும் கறுப்புக் கரை போட்ட உறை. அவளுடைய கையெழுத்திலேயே எவாரிஸ்தோவின் விலாசம். தபால்தலைகூட ஒட்டியாகிவிட்டது.

"மாசா மாசம் நான் எழுதுவேன். வீடு நல்லாருக்கு, நானும் நல்லாருக்கேன்னு. இந்த உறையை நான் போட மாட்டேன். தபால்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நான் போனதும் அவன் இதைப் போடணும்னு. உள்ள ஒண்ணும் இருக்காது. பிரிச்சுப் பார்க்க வேண்டாம். இது வந்ததும் நீ கையை விட்டுடலாம்."

"எதை?"

"வீட்டைத்தான், வேற எதை? ஒரு ஆளு இன்னொரு ஆளுக்காக எவ்வளவு நாள் சுவரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்?"

புதன்கிழமை திரும்பிய எவாரிஸ்தோவைப் பார்த்ததும் ரெமெய் கூண்டிலிருந்து வெளியே வந்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் இருந்தீங்களா?"

"போயிட்டு இப்பத்தான் வரேன்."

"பொய். நேத்து பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தேன். நாற்பத்தாறாம் வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தீங்க. நான் கையாட்டினேன். என்னைத் தாண்டி எங்கயோ பார்த்துட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டு, கதவைச் சாத்திக்கிட்டீங்க. ஒரு பிள்ளை கேட்டுச்சு, அக்கா, அந்தத் தாத்தாவுக்கு நாம தெரியலையான்னு."

எவாரிஸ்தோ எத்தனை மணி என்று கேட்கவில்லை.

அதை அவளிடம் விளக்கிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அவர் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ரெமெய் தன் அண்ணனோடு பிரான்சுக்குப் போனாள். துலூஸில் வீடு கட்டுகிறார்கள், கொத்தனாருக்கு இங்கே கிடைப்பதைப் போல மூன்று மடங்கு சம்பளம், நீங்களும் வாங்க என்று கிளம்புமுன் கூப்பிட்டாள். அந்த வார்த்தையில் சம்பளத்தைவிடப் பெரிதாக என்ன இருந்தது என்று எவாரிஸ்தோவுக்குப் புரியாமல் இல்லை.

"நாற்பத்தாறை விட்டுட்டு வர முடியாது" என்றார்.

"பின்னால ஒண்ணுமே இல்லாத வீடு அது. அதைப் போய்க் கட்டிக்கிட்டு அழறீங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். கீழே டிராம் நிறுத்தம் வரை ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. எவாரிஸ்தோ கோபுரத்துச் சன்னலிலிருந்து பார்த்தார். அன்றைய நோட்டில் சாட்சிகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

வருஷங்கள் போயின. 46ஆம் வீட்டின் சாட்சிகள் ஒன்றிலிருந்து பதினான்காகின. விரிசலில் சுண்ணாம்புப் பால் ஊற்றினார். பின்பக்கம் மரமுட்டுகள் கொடுத்தார். மழை பெய்தால் எழுந்து போய் ஓடுகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தை அந்தச் சந்துக்குள் அதிகம் விடாமல் வேறு வழியாகத் திருப்பிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் கல் வழுக்கும் என்றார். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் கடிதம் வரும். வீடு நன்றாக இருக்கிறது, நானும். ஒருமுறை மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'ஞாயிறு இப்போது சத்தம் குறைவு. நன்றி.'

1971 நவம்பர் மாதக் கடிதம் நான்காம் தேதி வந்தது. எழுத்து பெரிதாக, கோடு தாண்டி இருந்தது. 'வீடு நன்றாக இருக்கிறது. எனக்குக் கால் வீக்கம். விறகு தூக்கப் பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள்.'

நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு எவாரிஸ்தோ சந்துக்குள் நுழைந்தார். ஏதோ ஒன்று குறைந்திருந்தது. என்ன என்று புரியச் சிறிது நேரம் பிடித்தது. புகை வாசனை இல்லை. ஏணி வைத்து ஏறிப் புகைக்கூண்டில் கை வைத்தார். ஈரச் சுவரின் குளிர்ச்சி. வெப்பமானியை வைத்தார். பக்கத்து வீட்டுக் கூண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

ஒன்பது மணிக்குப் பதினான்கு சாட்சிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. எழுதினார். பிறகு வேறு வேலைக்குப் போகாமல் எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். காற்று இல்லை. வெள்ளிக்கிழமை காலை என்பதால் ஆட்களும் இல்லை. பதினொன்று பத்துக்கு, களைத்தவர் நாற்காலியில் உட்காருவது போல, 46ஆம் வீடு நின்ற இடத்திலேயே தாழ்ந்து உட்கார்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தூசு அடங்கியபோது பதினோரு வளைவுக் கற்களும் தரையில் வரிசையாக, வளைவின் ஒழுங்கு கலையாமல் படுத்திருந்தன. எதுவும் உடையவில்லை. அவற்றுக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது.

47ஆம் வீடு அசையாமல் நின்றது. மதுக்கடை அலமாரியில் ஒரு குப்பிகூட விழவில்லை.

தால்மாவ் அந்த வருஷத்தோடு ஓய்வு பெற இருந்தவர். இடிபாட்டைப் பார்த்தார், நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தார், இரண்டு தனித்தனிச் சட்டங்களைப் பார்த்தார். 1959ஆம் வருஷத்து நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது பொய்யா எவாரிஸ்தோ?"

"ஆமா ஐயா."

"இந்த நோட்டை வெச்சுத்தான் நான் இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன். வேற எத்தனை இருக்கு?"

"இது ஒண்ணுதான்."

"எதுக்கு?"

"அந்த வீட்டுல ஆள் இருந்தாங்க."

தால்மாவ் நோட்டை மூடினார். திங்கட்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். இல்லாவிட்டால் வேலை போகும், கோபுரத்து அறையும் போகும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எவாரிஸ்தோ விளக்கம் எழுதவில்லை. சனிக்கிழமை தபால்காரர் வந்தார், எவாரிஸ்தோவுக்கு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. அன்று சந்தில் கூட்டம் வந்து இடிபாட்டைப் பார்த்துப் பேசி, சிரித்து, படமெடுத்துக்கொண்டு போனது. திங்கட்கிழமை விடுமுறை என்றாலும் அவர் காலை முதல் டிக்கெட் கூண்டருகே நின்றுகொண்டிருந்தார். தபால்காரர் மின்சாரக் கட்டணச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

கறுப்புக் கரை போட்ட உறை 1971 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை வந்தது. தபால் முத்திரையில் தேதி நவம்பர் 18.